விழப்போற பல்லுக்கு ரூட் கெனாலா?

சேலம், நாமக்கல் பக்கம் குழந்தைக்குப் பல்வலி என்றால் வீட்டில் முதலில் கிராம்பு வரும். அடுத்து தீர்ப்பு வரும்: ‘பால் பல்லுதானுங்க, எப்படியும் விழுந்துரும்!’ டாக்டர் ‘ரூட் கெனால்’ என்றால் தீர்ப்பு காட்டமாகிறது: ‘விழப்போற பல்லுக்கு இவ்வளவு செலவா?’

நியாயமான கேள்விதான். ஆனால் எப்போது விழும் என்று யாரும் கேட்பதில்லை. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. ஐந்து வயதுக் குழந்தை அதுவரை எதை வைத்து மெல்லும்?

இன்னொரு விஷயம். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி, நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது பால் பல். துண்டைச் சீக்கிரம் எடுத்தால், ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்துவிடும். பின்னால் வருகிற பல் கோணலாக முளைக்கும். அப்புறம் கிளிப் போட வேண்டும். அது இதைவிடப் பெரிய செலவு.

பெரியவர்களுக்குச் செய்வது வேறு, குழந்தைக்குச் செய்வது வேறு. மேல்பகுதி பல்கூழ் மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் எடுத்தால் போதும். வேர் வரை போயிருந்தால், சுத்தம் செய்து, கரையக்கூடிய பசையை நிரப்புவார்கள். புதுப்பல் மேலே வரும்போது வேரோடு பசையும் கரையும். வெகுகாலமாக இருக்கும் பசை ஒன்றில் யூஜினால் சேர்கிறது. வேறொன்றுமில்லை, கிராம்பு எண்ணெயில் இருப்பதுதான்! பாட்டி பாதி டாக்டர்.

டாக்டர்களையும் விட்டுவிட முடியாது. எக்ஸ்ரேயைக் காட்டி, இந்தப் பல் இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் என்று சொல்ல வேண்டாமா? சில மாதத்தில் விழுவதென்றால் பிடுங்குவதே சரி. முன்கூட்டியே பிடுங்கினாலும் இடத்தைக் காக்கக் கம்பி வளையம் உண்டு. கேட்டால்தான் சொல்கிறார்கள் பலர்.

நம்ம ஊரில் ஒரு சாக்கும் உண்டு: ‘எங்க தண்ணியே அப்படிங்க.’ இப்பகுதி போர்வெல் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. பக்கத்துத் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு இதற்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. ஆனால் ஃபுளோரைடு தருவது கறை, பெரும்பாலும் நிரந்தரப் பற்களில். சொத்தையைத் தருவது சர்க்கரையும் கிருமியும். பால் பாட்டிலோடு குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, பழியைப் போர்வெல் மேல் போடாதீர்கள்.

2013-ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் பல் பரிசோதனையும் சேர்ந்திருக்கிறது. அங்கன்வாடிக்கோ அரசுப் பள்ளிக்கோ டாக்டர் குழு வந்தால், ‘பல்லையும் பாருங்க’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். ராத்திரி மூன்று மணிக்குக் கன்னம் வீங்கி அழுகிற குழந்தையிடம், ‘பால் பல்லுதானே’ என்று சொல்லிப் பயனில்லை.