ஓட்டம் யாருடையது?

காஞ்சிபுரத்தில் விடியற்காலையில் சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களில் சிலர் இப்போது ஓட ஆரம்பித்திருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள். டாக்டர் சொன்னார் என்று ஆரம்பித்தவர்கள் உண்டு. பட்டணத்தில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்பிய ஷூ வீணாகக்கூடாது என்று ஆரம்பித்தவர்களும் உண்டு. இரண்டு மாதத்தில் பாதிப் பேர் பழையபடி நடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கேட்டால், கால் வலிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. "மனசு வரவில்லை" என்கிறார்கள்.

இந்த மனசு எங்கிருந்து வருகிறது, ஏன் போய்விடுகிறது என்று சொல்லித் தருகிற புத்தகங்கள் ஏராளம். அவற்றை ஒதுக்கிவிட்டு, கதை எழுதுகிறவர்கள் இருவர் இதைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் இங்கிலாந்துக்காரர், ஆலன் ஸில்லிட்டோ. மற்றவர் ஜப்பானியர், ஹாருகி முரகாமி.

ஸில்லிட்டோவின் 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை' 1959ல் வெளிவந்த நெடுங்கதை. நாட்டிங்ஹாமில் 14 வயதில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுச் சைக்கிள் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர் அவர். கதையைச் சொல்கிறவன் ஸ்மித் என்ற பையன். ரொட்டிக் கிடங்கில் பணம் திருடி அகப்பட்டுச் சீர்திருத்தப் பள்ளிக்கு வந்தவன். அவன் நன்றாக ஓடுவான் என்று கண்டுகொண்ட பள்ளியின் தலைமை அதிகாரி, பந்தயத்தில் கோப்பை வாங்கித் தரும்படி அவனைத் தயார் செய்கிறார். அதற்காக, உறைபனி படிந்த விடியற்காலைகளில் அவன் மட்டும் தன்னந்தனியாக வெளியே ஓட அனுமதி கிடைக்கிறது. பந்தய நாளன்று எல்லோருக்கும் முன்னால் வருகிறான். எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். பின்னால் வந்தவன் ஜெயிக்கிறான். ஸ்மித்துக்குக் கிடைப்பது, மிச்ச நாட்களுக்கெல்லாம் அழுக்கு வேலை.

இதை ஒரு முரட்டுப் பையனின் பிடிவாதக் கதை என்று படிக்கிறவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் கதையில் பாதி போய்விடும். விடியற்காலை ஓட்டத்தை ஸ்மித் வெறுக்கவே இல்லை. உலகத்தில் தான் ஒருவனே இருப்பதுபோல் அவனுக்குத் தோன்றுகிற அந்த நேரத்தில்தான் அவனால் நிம்மதியாக யோசிக்க முடிகிறது. பந்தயத்தின் நடுவே, ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்து வீட்டிலேயே செத்துப்போன தகப்பனாரை நினைத்துக்கொள்கிறான். காலுக்கு வலு அந்த நினைவிலிருந்து வருகிறது; கோப்பையிலிருந்து வரவில்லை. காலை ஓட்டம் அவனுடையது; பந்தயமோ அதிகாரியுடையது. இந்தக் கணக்கு அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நம்மில் பலருக்கு ஐம்பது வயதிலும் தெரிவதில்லை. 1962ல் டோனி ரிச்சர்ட்ஸன் இதைத் திரைப்படமாக எடுத்தார். படம் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் கதையில் கேட்கிற மூச்சுச் சப்தம் படத்தில் கேட்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

முரகாமியின் புத்தகம் கதை அல்ல. ஓட்டத்தைப் பற்றிய நினைவுக் குறிப்புகள். ஜப்பானிய மொழியில் 2007லும் ஆங்கிலத்தில் 2008லும் வந்தது. மது விடுதி நடத்திக்கொண்டிருந்த அவர், அதை விற்றுவிட்டு முழு நேர எழுத்தாளரானார். மேஜை முன்னாலேயே உட்கார்ந்து, ஓயாமல் சிகரெட் குடித்து, உடம்பு ஊத ஆரம்பித்ததும் 1982ல் ஓடத் தொடங்கினார். அடுத்த வருஷம் கிரீஸுக்குப் போய் ஏதென்ஸிலிருந்து மாரத்தானுக்குக் கொளுத்தும் கோடையில் ஓடினார். 1996ல் ஹொக்கைடோவில் ஸரோமா ஏரியை ஒட்டி 100 கிலோமீட்டர் ஓட்டம். 11 மணி 42 நிமிஷம் பிடித்தது.

இந்த இடத்தில்தான் புத்தகம் உயர்ந்து நிற்கிறது. 100 கிலோமீட்டரை ஓடி முடித்தவருக்கு ஓட்டத்தின்மேல் இருந்த ஆசை மெல்ல மெல்ல வடிந்துவிடுகிறது. தோற்றதனால் வந்த சோர்வு இல்லை, முடித்ததனால் வந்தது. பெரிய காரியம் ஒன்றை முடித்தவர்களுக்கெல்லாம் இது தெரியும்: மகளைக் கல்யாணம் செய்து அனுப்பிய மறுநாள் வீட்டில் ஒரு வெறுமை தங்குமே, அதுதான் இது. பின்னால் ஆசை திரும்பி வந்த விதத்தையும் முரகாமி அலங்காரமில்லாமல் சொல்கிறார். வயது ஏற ஏற வேகம் குறைவதையும் மறைக்கவில்லை. அவர் கைக்கொள்ளும் விதிகள் இரண்டுதான். ஒன்று, கூடுமானவரை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓட்டத்தை விடுவதில்லை. மற்றொன்று, இன்னும் எழுதலாம் என்று தோன்றும் இடத்தில் அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவது. ஓட்டத்துக்கும் அவர் அதையே பொருத்துகிறார்.

இரண்டாவது விதி காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுத் தறியில் பாவு தீரப்போகும்போது நெசவாளர் அதை முழுக்க நெய்து முடித்துவிடுவதில்லை. நுனியை அச்சிலேயே விட்டுவைப்பார். புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை அந்தப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பார்கள். முற்றிலும் தீர்த்துவிட்டால் அத்தனை இழைகளையும் முதலிலிருந்து கோர்த்தாக வேண்டும். 'மனசு வரவில்லை' என்கிறவர்கள் பெரும்பாலும் நேற்றைய பாவை முழுக்க நெய்து தீர்த்துவிட்டவர்கள். முதல் வாரத்திலேயே மூச்சு முட்ட ஓடிவிடுகிறார்கள். மறுவாரத்துக்கு முடிச்சுப் போட நுனி மிச்சமில்லை.

தொடர்வது எப்படி என்ற வித்தையை இவ்வளவு நன்றாகச் சொல்கிற முரகாமியிடம் எனக்கு ஒரு குறை உண்டு. யாருக்காக என்ற கேள்வி அவர் புத்தகத்தில் எழுவதே இல்லை. எழுந்திருக்க அவசியமும் இல்லைதான். அவருடைய காலும் அவருடையது, காலை நேரமும் அவருடையது. எல்லோருக்கும் அந்த வசதி கிடையாது. அதே நெசவாளரின் மகன் தறியில் உட்கார மாட்டேன் என்று ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குப் பஸ் ஏறுகிறான். "பசங்களுக்குப் பொறுமை இல்லை, ஊக்கம் இல்லை" என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஜவுளிக்கடையில் சேலை விற்கிற விலையும் தகப்பனார் வாங்குகிற கூலியும் அவனுக்குத் தெரியும். அவன் எல்லைக்கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்ட ஸ்மித். பாவு இணைக்கிற வித்தை எவ்வளவு தெரிந்தாலும், கோப்பை வேறொருவர் அலமாரிக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு கால் எழும்பாது. இதைச் சோம்பல் என்று சொல்கிறவர்கள் ஸில்லிட்டோவை ஒரு தடவை படிப்பது நல்லது.

அதற்காகக் கோப்பையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து ஓட்டக்காரர் லட்சுமணன் 2017ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். மறுவருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓடும்போது தடத்தின் உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார் என்று அந்தப் பதக்கத்தை இல்லாமல் செய்துவிட்டார்கள். சில நாட்களில் அதே ஊரில் 5000 மீட்டருக்கு வந்து நின்றார், ஓடினார். ஸ்மித் தானாகக் கொடுத்ததை இவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பதக்கம் ஒன்றுக்காகவே ஓடுகிறவன் அடுத்த பந்தயத்துக்கு வந்து நின்றிருப்பானா என்பது சந்தேகம்.

இலக்கிய ரீதியில் ஸில்லிட்டோவின் கதைதான் பெரியது. முரகாமியின் புத்தகத்தை அதோடு நிறுத்துப் பார்க்க முடியாது. சில அத்தியாயங்கள் டைரி மாதிரி வளவளவென்று போகின்றன. ஆனால் அன்றாட உபயோகத்துக்கு முரகாமிதான். ஓட நினைக்கிறவர்கள் இரண்டையும் படிக்க வேண்டும்; முதலில் ஸில்லிட்டோ, பிறகு முரகாமி என்ற வரிசையில். ஓட்டம் தன்னுடையதுதானா என்று முடிவு செய்துகொள்ளாதவனுக்குத் தொடரும் வித்தையைக் கற்றுக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. மகன் அனுப்பிய ஷூ, டாக்டரின் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் பாராட்டு எல்லாம் அதிகாரியின் கோப்பை வகையைச் சேர்ந்தவை. இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கா. தன்னுடையதுதான் என்று தெரிந்துவிட்டால், அன்றன்றைக்குக் கொஞ்சம் நுனியை மிச்சம் வைத்தால் போதும்.