பாஸ் கிடாரின் பழைய ஷேடு

பழைய பாஸ் கிடார் ஒன்றைக் கையில் கொடுத்து அதன் நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், அதற்குத் தகுந்த கண்கள் திருப்பூரில்தான் அதிகம். சாயம் ஏறிய துணியை லைட் பாக்ஸுக்குள் வைத்து, டி65 விளக்கில் ஒருமுறை, டி.எல்.84 விளக்கில் ஒருமுறை, மஞ்சள் பல்பில் ஒருமுறை பார்த்துவிட்டு, “ஷேடு கொஞ்சம் செவப்பு அடிக்குது” என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறைந்த ஊர் அது. பகலில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நீலங்கள் கடை விளக்கின் கீழ் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் என்பது அவர்களுக்குப் பாலபாடம். கிடார் புதுப்பிக்கிறவர்களில் பலர் இடறி விழுவதும் இங்கேதான்.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்திய லியோ ஃபெண்டர், 1951இல் பிரிசிஷன் பாஸைக் கொண்டுவந்தார். ஆளுயர டபுள் பாஸைச் சுமந்து அலைந்தவர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி கிடைத்தது. விரல் பலகையில் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகள் இருந்ததால் சுருதி பிசகாமல் விரல் வைக்கவும் முடிந்தது. பின்னாளில் வாடிக்கையாளர் கேட்ட நிறங்களுக்காக ஃபெண்டர் நிறுவனம் தனியாக ஒரு பெயின்ட்டைக் கண்டுபிடிக்கவில்லை. டூபாண்ட் நிறுவனம் கார்களுக்காகச் செய்த டூக்கோ, லூசைட் பூச்சுகளையே எடுத்து அடித்தது. ஃபியஸ்டா ரெட் என்ற புகழ்பெற்ற சிவப்பு, 1956ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். திருப்பூர் அவிநாசி சாலைப் பட்டறைகளில் கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் வைத்துக்கொண்டு வண்டிக்கு டூக்கோ அடிக்கிறவர்கள் செய்வதும் அதே மரபில் வந்த வேலைதான்.

ஃபெண்டரின் அந்த நிறங்களின் மேல் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் (என்.சி.) லாக்கர், வயது ஏற ஏற மஞ்சளாகும். லேக் பிளாசிட் ப்ளூ என்ற நீலம் பச்சை கலந்துவிடும். ஒலிம்பிக் ஒயிட் பாலாடை நிறத்துக்கு வந்துவிடும். பிக்கார்டு என்ற காப்புத் தகட்டைக் கழற்றினால் அடியில் வெயில் படாத பழைய நீலம் அப்படியே இருக்கும். பெயின்ட் பெயர்ந்த இடத்தை ஒட்டும்போது எந்த நீலத்தைப் பார்த்துச் சேர்ப்பது? கம்பெனி நம்பரைச் சொல்லிப் புது டப்பா வாங்கி அடித்தால், புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரி மாதிரி அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். பக்கத்தில் நிற்கிற, மஞ்சள் ஏறிய நீலத்துக்குத்தான் ஷேடு சேர்க்க வேண்டும். அதையும் ஒரே விளக்கில் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

முழுக்கச் சுரண்டிப் புதிதாக அடித்துவிடலாமே என்று தோன்றும். ஃபெண்டர் போன்ற பழைய கருவிகளில் அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே நல்லது. மறுபூச்சு கண்ட பழைய கிடாரின் விலை சேகரிப்பாளர் மத்தியில் பெரிதாகச் சரிந்துவிடும். விலை கிடக்கட்டும். வாசித்தவரின் முன்கை உரசி மரம் தெரிகிற இடம், பெல்ட் பக்கிள் கீறிய முதுகு எல்லாம் அந்தக் கிடார் யாரிடம், எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்பவை. உப்புத்தாள் ஒரு மாலைப்பொழுதில் அத்தனையையும் தூளாக்கிவிடும்.

ஆனால் மறுபூச்சே ஒரு கிடாரின் சரித்திரமாகிவிடுவதும் உண்டு. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுண்டுக்கு ஹாஃப்னர் 500/1 என்ற வயலின் வடிவ பாஸ் ஒன்றை வாங்கினார். பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பதிவுகளில் ஒலிப்பது அதுதான். 1964 வாக்கில் அதைச் சீர்செய்தவர்கள் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்புகளையும் ஒரே மரச்சட்டத்தில் பொருத்தி, உடல் முழுக்கப் புது சன்பர்ஸ்ட் அடித்தார்கள். 1972 அக்டோபரில் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் வேனிலிருந்து திருடுபோன அந்தக் கருவி 2023இல் திரும்பக் கிடைத்தது. மற்ற 500/1 கருவிகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் அந்த மரச்சட்டமும் அந்தப் பூச்சும்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் கோலத்துக்குத் திருப்புகிறேன் என்று யாராவது இறங்கியிருந்தால் மெக்கார்ட்னியின் கிடாரே அழிந்திருக்கும். கழுத்து முதலிய பழுதுகளை மட்டும் சரிசெய்தார்கள். 2024 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் அவர் அதை மேடையில் வாசித்தார்.

பெயின்டில் இவ்வளவு தயங்குகிற கை, உள்வேலையில் தயங்கக் கூடாது. நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற இழுவை ஏறத்தாழ 80 கிலோ. ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்த பாஸின் கழுத்து வில்லாக வளைந்திருக்கும். உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகி அதை நிமிர்த்த வேண்டும். அதன் பிறகுதான் ஃப்ரெட்டுகளை மட்டம் பார்க்க முடியும். ஒவ்வொரு ஃப்ரெட்டின் தலையிலும் மார்க்கரால் மை தடவி, தட்டை அரத்தை நீளவாக்கில் லேசாக ஓட்டினால், மை அழிந்தது மேடு, அழியாதது பள்ளம். கடைசிப் பள்ளத்தின் மையும் அழிகிற வரை அரம் ஓடும். பிறகு தட்டையான தலைகளை மறுபடி உருட்டி மெருகேற்றுவது பொறுமைக்காரர்களின் வேலை.

சத்தமே வராத பிக்கப்புக்கும் கொங்கு நாட்டில் வழி உண்டு. பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை இல்லாத ஊர் இந்தப் பக்கம் அபூர்வம். பிக்கப் என்பதும் காந்தத்தைச் சுற்றிக் கட்டிய எனாமல் செம்புக் காயில்தான். ஆனால் கம்பியின் கனம் வெறும் 0.06 மில்லிமீட்டர் அளவு, சுற்றுகள் ஆயிரக்கணக்கில். மோட்டார் கம்பியை இழுக்கிற பலத்தில் கால் பங்கு காட்டினாலும் அறுந்துவிடும். மறுபடி கட்டுமுன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட வேண்டும். பல சமயம் காயில் நன்றாகவே இருக்கும், நுனியில் ஈயம் வைத்த இடம் மட்டும் விட்டிருக்கும்.

ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட் கரகரக்கிறது என்பதற்காக அதைப் பிடுங்கிக் குப்பையில் போடுவது பெரிய தவறு. பழைய அமெரிக்க பாட்களின் முதுகில் ஒரு எண் பொறித்திருக்கும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ் தயாரிப்பு, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து வரும் இலக்கங்கள் அது செய்யப்பட்ட ஆண்டையும் வாரத்தையும் சொல்லும். கிடார் எந்தக் காலத்தது என்று நிரூபிக்க அந்த எண் பெரிய சாட்சி. கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை திருப்பினால் கரகரப்பு பெரும்பாலும் போய்விடும்.

கொங்குப் பகுதிப் பரண்களில் கிடப்பவை பெரும்பாலும் ஃபெண்டரோ ஹாஃப்னரோ அல்ல. கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் வாசித்த மெல்லிசைக் குழுக்களின் உள்நாட்டுத் தயாரிப்புகளும் ஆசிய நகல்களுமே அவை. கீபோர்டுக்காரரின் இடது கை பாஸையும் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அவை மூலைக்குப் போயின. இளையராஜாவின் இசையில் சசிதரனும் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பாஸைக் காதில் வைத்துக்கொண்டு ஊர் மேடைகளில் உழைத்த கருவிகள் இவை. இவற்றுக்குச் சேகரிப்பு விலை கிடையாது. அதனாலேயே இங்கு தைரியமாகப் பெயின்ட் அடிக்கலாம். புதுக் கை பழகவும் இவையே ஏற்றவை.

அடிப்பதானால் திருப்பூரின் வறண்ட மாதங்கள் லாக்கருக்கு வாகானவை. ஈரக்காற்றில் என்.சி. லாக்கர் அடித்தால் தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, நீராவி படிந்து, வெண்புகை போல மூடிக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஸ்பிரே கன்னைத் தொடாமல் இருப்பது நல்லது. சித்திரை வெயில் எதிர்ச் சிக்கலைக் கொண்டுவரும்: துளி மரத்தில் படுமுன்னே காய்ந்து சொரசொரப்பாகிவிடும். அதற்கு மெதுவாகக் காயும் தின்னர் கலக்க வேண்டும். மெல்லிய கோட்டுகளாக ஏற்றி, வாரக்கணக்கில் காயவிட்டு, வாட்டர் பேப்பர் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெருகேற்ற வேண்டும். அந்தக் கடைசி மெருகுக்கு உலகமெங்கும் கிடார் தச்சர்கள் தேடுவது பழைய பருத்தி டி-சர்ட்டை. திருப்பூரில் அது பனியன் வேஸ்ட் என்று கிலோ கணக்கில் கிடைக்கிறது. சாயம் ஏறாத வெள்ளைத் துண்டாக, தையலும் பிரிண்டும் இல்லாததாகப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பாலியஸ்டர் கலந்த துண்டு கீறல் போட்டுவிடும்.

உடலின் பூச்சு ஒலியை மாற்றும் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. திட மரத்தில் செய்த மின் கிடாரில் அந்த வேறுபாடு காதுக்கு எட்டுவது அரிது. விரல் பலகையின் பூச்சு வேறு கதை. ஜாகோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பாஸில் ஃப்ரெட் இருந்த காடிகளை அடைத்து, படகுக்குப் பூசுகிற எபாக்சியைப் பலகை மேல் பூசிக்கொண்டார். அந்தக் கெட்டிப் பரப்பில் ரவுண்ட்வவுண்ட் கம்பி உரசிய ஒலிதான் உலகம் கேட்ட அவருடைய பாடும் பாஸ். பின்னாளில் துண்டுதுண்டாக உடைந்த அந்தக் கிடாரையும் ஒட்டிச் சேர்த்தார்கள்.

வேலை முடிந்து புதுக் கம்பி ஏற்றிய அன்றே டிரஸ் ராடை ஒரேயடியாக முறுக்கக் கூடாது. கால் சுற்று திருகி, சுருதி கூட்டி, ஓர் இரவு விட்டு, மறுநாள் கழுத்தைக் கண்ணோட்டமாகப் பார்த்து அடுத்த கால் சுற்று. மேல்காற்று வீசும் ஆடியில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.