சிவப்பு விளக்கின் அரைப் பொய்

கார் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சின்ன சிவப்பு விளக்கு இருக்கிறதல்லவா, மோட்டார் உலகின் மிக மோசமான சித்திரம் அதுதான் என்பது என் கட்சி. படம்தான் பேட்டரி. சேதி ஆல்டர்னேட்டரைப் பற்றியது. (நம் மெக்கானிக்குகளுக்கு அது இன்னமும் 'டைனமோ'.)

பழைய ஏற்பாட்டில் அந்த பல்பின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரிக்கு, மறுமுனை ஆல்டர்னேட்டருக்கு. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் உற்பத்தி தொடங்கியதும் இரண்டு பக்கமும் சம வோல்டேஜ், பல்ப் அணையும். அவ்வளவுதான். உற்பத்தியான சரக்கு பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. பழைய ஜீப்களில் அம்மீட்டர் முள் பிளஸ், மைனஸ் என்று ஆடி இதைச் சொல்லிவிடும். அதை எடுத்துவிட்டுத்தான் இந்த விளக்கை வைத்தார்கள்.

இந்த ஞானம் எனக்கு இரண்டு பேட்டரி விலையில் கிடைத்தது. பதினாலு மாதத்தில் இரண்டு. "பேட்டரி வீக் சார்" என்றார் முதல் நிபுணர். இரண்டாமவர் ஓடுகிற எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "பாருங்க, வண்டி நிக்கலை, டைனமோ ஓகே" என்றார். டைனமோ காலத்து வைத்தியம் இது. இன்றைய வண்டியில் அப்படிக் கழற்றினால் ஒரு கணம் நூறு வோல்ட் வரைகூட எகிறி, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரைக் காலி செய்யலாம். என் அதிர்ஷ்டம், ஆகவில்லை. ஆனால் விழுப்புரம் தாண்டி டீக்கு நிறுத்திய இடத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு, பின் சீட்டில் எண்பது வயது அம்மாவுடன், செல்ஃப் எடுக்கவில்லை. அதுவரை விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

மூன்றாவது ஆள் பேசவே இல்லை. மல்டிமீட்டரை எடுத்தார். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், என்னுடையது 12.1. தள்ளி ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் போட்டு, ஆல்டர்னேட்டரில் பார்த்தார்: 14.3. பேட்டரியில்: 13.1. "நடுவுல யாரோ திங்கறாங்க சார்." ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் போல்ட்டில் ஒரு முனை, பேட்டரி பிளஸ்ஸில் மறுமுனை. 0.2, 0.3க்குள் இருக்க வேண்டியது 1.1 காட்டியது. ஒயர் முனையில் பச்சைப் பாசி போலக் களிம்பு. சுரண்டி, புது முனை போட்டு முறுக்கினார். பேட்டரியில் 14.1. பாவம், இரண்டு பேட்டரிகளும் அரைப் பட்டினியில் செத்திருக்கின்றன.

வீட்டுக்கு வந்து கார் கையேட்டைப் புரட்டினேன். கப் ஹோல்டருக்குப் படத்தோடு அரைப் பக்கம். இந்த விளக்குக்கு ஒரே வரி: எரிந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போ. எரியாமலே சார்ஜ் குறையலாம் என்று ஒரு வரி சேர்த்தால் காகிதம் தீர்ந்துவிடுமா?

புதிய கார்களில் சமாசாரம் இன்னும் சிக்கல். எரிபொருள் மிச்சம் பிடிக்க கம்ப்யூட்டரே வோல்டேஜை வேண்டுமென்று ஏற்றி இறக்குகிறது. 12.8 பார்த்ததும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. திரையில் வோல்டேஜை ஓரமாகக் காட்டினால் தேவலை. என் காரில் அந்த இடத்தில் வெளியே எத்தனை டிகிரி என்று காட்டுகிறார்கள். சென்னையில் அது எனக்கே தெரியும்.