'2.0' 'எந்திரனு'க்கு ஈடா?

லூமுட், சித்தியவான் பக்கம் வார இறுதியில் வீட்டில் படம் போடுபவர்கள், 2010இல் வந்த 'எந்திரன்', 2018இல் வந்த '2.0' இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ரஜினி, ஷங்கர், ரஹ்மான் மூவரும் இரண்டிலும் உண்டு. ஆகவே இரண்டாவது தேறியதா என்று கதையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

முதல் படம் எந்தக் கேள்வியைக் கிளப்பியது என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். தீ விபத்தில், குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ரோபோ சிட்டி அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே விடுகிறது. உயிர் தப்பியவள் மானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். இயந்திரத்துக்கு உணர்ச்சியும் வேண்டுமோ? அங்கே எழும் கேள்வி, சிட்டி தன்னைத்தானே கழற்றிப்போடும் முடிவுவரை போகிறது.

அடுத்து, இரண்டாம் படம் அந்தக் கேள்வியை வளர்க்கிறதா என்று பாருங்கள். '2.0'வில் சிட்டியை மறுபடி பூட்டுவது சண்டைக்காக. முதல் படத்தில் சிட்டி காதலித்த சனா இதில் வெறும் ஃபோன் குரல். குட்டி ரோபோ 3.0 புறாக்களின் மேல் ஏறிக்கொண்டு அவற்றைக் கொன்றுவிடுவதாக வில்லன் பக்‌ஷிராஜனை மிரட்டும்போது, இரக்கம் கற்ற இயந்திரம் இப்படிச் செய்யலாமா என்று யாரும் கேட்பதில்லை. சறுக்கல் அங்கேதான்.

மூன்றாவது, விதிகள். முதல் படம் சிப், புரோகிராம் என்று பேசியது. இரண்டாவது, செத்துப்போன வில்லனின் ஆரா என்று ஆவிக்கதைக்குத் தாவுகிறது. கைப்பேசிக் கோபுரத்தின் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்று படம் சொல்வதற்கும் உறுதியான சான்று இல்லை.

புதிதாக வந்ததற்கும் மார்க் போட வேண்டும். கைப்பேசிகள் திரண்டு ராட்சசப் பறவையாகும் காட்சியைப் பெரிய திரையில், சத்தம் கூட்டிப் பாருங்கள். அக்‌ஷய் குமார் நடித்த முதியவர் பக்‌ஷிராஜன் பறவைகளுக்காக அலைவதும் தோற்பதும் மனதில் தைக்கும். பங்கோர் தீவின் தெலுக் நிப்பாவில் இருவாட்சிகளைக் கிட்டத்தில் கண்டவர்களுக்கு அந்தக் கிழவரின் கோபம் உடனே புரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க, இதேபோல் இயந்திரக் கதையும் அதன் தொடர்ச்சியுமான சுஜாதாவின் நாவல்கள் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' இரண்டையும் படியுங்கள். சர்வாதிகாரி ஜீவாவின் கதை முடிந்தபின் அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்பதில் இரண்டாம் நாவல் தொடங்குகிறது. முதல் கதை வைத்த பாக்கியை அது வசூலிக்கிறது.

என் கணக்கில் '2.0'வில் பக்‌ஷிராஜன் பாஸ், சிட்டி ஃபெயில். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். கிராஃபிக்ஸை மட்டும் வைத்து மார்க் போடாதீர்கள்.