பலகையில் இருப்பது யாருடைய பேரு?

பாயான் பாரு கடைவரிசையில் ஒரு சுற்று நடந்து வந்தால் தமிழாசிரியருக்குக் கை துறுதுறுக்கும். புள்ளி போன மெய்யெழுத்து, தேவையில்லாத இடத்தில் ஒற்று, ளகர லகர மாறாட்டம். திருத்தச் சொன்னால், "வாத்தியாருக்கு வேற வேலை இல்ல" என்று கடைக்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நியாயமும் இருக்கு. எழுத்துப்பிழை கடைசியில் வருவது. அதைவிடப் பெரிய பிழை பேரு வைக்கும்போதே நடந்துவிடுகிறது. வணிகப் பெயரைக் காசு கொடுத்து வாங்குகிற ஒரு படமாக நம்மவர்கள் நினைக்கிறார்கள். லோகோ, கலர், மினுக்கும் விளக்கு எல்லாம் சரிதான். ஆனால் வாடிக்கையாளர் இன்னொருத்தரிடம் வாயால் சொல்லப் போவது ஒரு சொல்லைத்தான். அந்தச் சொல் யாருடையது என்று யாரும் யோசிப்பதில்லை.

மெக்கறி வழக்கை நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1999-இல் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் திறந்த இந்திய உணவகம் அது. 'மலேசியன் சிக்கன் கறி' என்பதன் சுருக்கமே அந்தப் பேரு என்றார்கள் உரிமையாளர்கள். 2001-இல் மெக்டொனால்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. 2006-இல் உயர்நீதிமன்றத்தில் அந்த நிறுவனமே வென்றது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸின் மனுவைத் தள்ளியது. யானையைப் பூனை ஜெயித்த கதை, கைதட்டலாம்.

ஆனால் எனக்கு இதில் வேறொரு பாடம் தெரிகிறது. அவர்களைக் காப்பாற்றியது எது? பரிமாறிய இந்தியச் சாப்பாடு வேறு, பலகையின் எழுத்து வேறு, கட்டைவிரலைத் தூக்கிச் சிரிக்கும் கோழிப் படம் வேறு. வாடிக்கையாளர் குழம்ப மாட்டார் என்று சொல்ல முடிந்தது அதனால்தான். அதாவது சொந்தச் சரக்கு காப்பாற்றியது, வம்பை இழுத்து வந்தது அந்த 'மெக்'. ஒரு முன்னொட்டுக்காக எட்டு ஆண்டு கோர்ட்டு வாசலில் நிற்க நம்ம ஊரில் எத்தனை சிறு கடைக்குத் தெம்பு இருக்கு? ஜெயித்த கதையைக் கேட்டுவிட்டு, பெரிய நிறுவனத்தின் பேரை லேசாகத் திருகி வைப்பதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கு.

இதற்கு நேர் எதிர் திண்டுக்கல் தலப்பாக்கட்டி. 1957-இல் அந்தக் கடை தொடங்கியபோது அதற்கு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் என்று பேரு. எத்தனையோ ஆனந்த விலாஸ்களில் அதுவும் ஒன்று. கடை போட்டவர் எப்போதும் தலப்பா கட்டியிருப்பார், ஜனங்கள் அதையே பேராக்கிவிட்டார்கள். திருநெல்வேலி இருட்டுக்கடையும் அப்படித்தான், மங்கலான விளக்கைப் பார்த்து ஊரே வைத்த பேரு. இப்படி மக்கள் வாயில் விளைந்த சொல்லுக்கு விலையே கிடையாது. விலை இல்லாததால்தான் பிறரும் எடுக்கப் பார்க்கிறார்கள். தலப்பாக்கட்டிக்காரர்கள், அதே ஓசையில் பேரு வைத்தவர்கள் மேல் சென்னை உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நம்ம ஊரில் அதிகம் பார்க்கும் ஏமாற்றமும் இதுதான். "எஸ்எஸ்எம்-ல பதிஞ்சிட்டேன் டீச்சர், பேரு என்னுது" என்பார்கள். எஸ்எஸ்எம் பதிவு தொழில் நடத்துவதற்கான பதிவு. அதனால் பேருக்குத் தனி உரிமை வந்துவிடாது. அதற்கு 2019 வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் மைஐபிஓ-வில் தனியாகப் பதிய வேண்டும். அந்தப் பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் அம்மாவுக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தோன்றலாம். பத்து வருஷம் கழித்து அதே பேரில் வேறொருவர் பாக்கெட் போட்டு விற்றால், இழப்பது அந்த அம்மாதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலகையில் 'லெட்சுமி', பில்லில் 'லட்சுமி', முகநூலில் 'இலட்சுமி' என்று இருக்கும். ரோமன் எழுத்தில் கேட்கவே வேண்டாம், இன்னும் நாலு வகை. தேடுபவர் கைப்பேசியில் எதைத் தட்டுவார்? கேம்பல் ஸ்திரீட் ஹமீதியா 1907-இலிருந்து ஒரே பேரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதற்கு ஆலோசகர் யாரும் தேவையில்லை, பிடிவாதம் போதும்.

இனி எழுத்துப்பிழைக்கு வருவோம். இதில் நாம்தான் உதவ முடியும். பலகை செய்யும் பையனுக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றாமல் அவர் மென்பொருளில் தமிழை ஒட்டினால் 'கொ' உடைந்துவிடும். எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், கால் தனியாகக் கிடக்கும். அவர் கண்ணுக்கு அது அழகான கோலம், அவ்வளவுதான். கடைக்காரர் தமிழை வாட்ஸாப்பில் தட்டி அனுப்பாமல் பிடிஎப்-ஆகவோ படமாகவோ கொடுத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். அச்சுக்குப் போகுமுன் ஒரு தமிழாசிரியர் பார்த்தால் மீதியும் தீரும். அதற்கு நாம் காசு கேட்கப் போவதில்லை என்பதைக் கடைக்காரர்களுக்கு முதலில் தெரியப்படுத்த வேண்டும்.

இடைநிலைப்பள்ளி வகுப்புக்கு ஒரு நடவடிக்கை. மாணவர் தன் வட்டாரத்துக் கடைப் பேரு ஐந்தை எழுதி வரட்டும். ஒவ்வொன்றையும் ஒரு மலாய் நண்பரிடமும் ஒரு சீன நண்பரிடமும் ஒரே ஒரு தடவை வாயால் சொல்லட்டும். மறுநாள் அவர்களையே எழுதிக் காட்டச் சொல்லி, அந்தத் தாளையும் பலகையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வரட்டும். கட்டுரைக்கான குறிப்பு அதிலேயே கிடைத்துவிடும்.