‘ஸே’யைக் காதால் பிடிப்பது எப்படி?

ஸ்பானியப் பாடநூல்கள் ‘ஸே’ என்ற ஓரசைச் சொல்லை ஒரு மனிதனின் காலை நேரத்தோடு கட்டிப்போட்டுவிடுகின்றன. எழுவது, குளிப்பது, உடுத்துவது: லெபந்தார்ஸே, துச்சார்ஸே, பெஸ்தீர்ஸே. வினை செய்பவரிடமே திரும்பி வருகிறது என்ற விதியோடு பாடம் முடிந்துவிடும். விதியில் பிழையில்லை. ஆனால் ருசி அதைத் தாண்டித்தான் தொடங்குகிறது.

முதலில் காதுக்கு ஒரு பிடி வேண்டும். ‘லாபோ எல் கோச்சே’ என்றால் காரைக் கழுவுகிறேன். ‘மே லாபோ லாஸ் மானோஸ்’ என்றால் கை கழுவிக்கொள்கிறேன். ‘நான்’ என்று வரும்போது ஸே ‘மே’ ஆகும். ‘நீ’ என்றால் ‘தே’. ‘என் கைகளை’ என்று ஸ்பானியர் சொல்வதில்லை. ‘மே’ வந்த பிறகு அவை யார் கைகள் என்று யார் கேட்கப்போகிறார்கள்? வெட்டினான், வெட்டிக்கொண்டான் என்று பேசி வளர்ந்த நமக்கு இதுவரை சிரமமில்லை.

இதற்குப் பிறகு நம் ‘கொள்’ கைவிட்டுவிடும். தொர்மீர் என்பது தூங்குவது. தொர்மீர்ஸே, தூக்கத்தில் ஆழ்ந்துபோவது. எட்டு மணி நேரம் தூங்கியதைச் சொல்ல ஸே வேண்டாம்; கூட்டத்தின் நடுவே கண்ணயர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஈர் என்றால் ஓர் இடத்துக்குப் போவது. ஈர்ஸே என்றால் இருக்கும் இடத்தை விட்டுக் கிளம்புவது. லத்தீன் அமெரிக்க பேஸ்பால் வர்ணனையில் இதைக் கேட்கலாம். அடித்த பந்து வேலியை நோக்கிப் பறக்கும்போது ‘ஸே பா, ஸே பா’ (போகிறது, போகிறது) என்று குரல் ஏறும். தாண்டியதும் ‘ஸே ஃபுவே!’ (போய்விட்டது!). எங்கே விழுந்தது என்பதைப் பற்றிக் கவலையில்லை, மைதானத்தை விட்டுப் போனதுதான் விஷயம். சாப்பாட்டிலும் இது உண்டு. ‘கொமீ பீட்ஸா’ என்றால் பீட்ஸா சாப்பிட்டேன். ஒரு முழு பீட்ஸாவைத் தின்று தீர்த்தால்தான் ‘மே கொமீ’.

எனக்குப் பிடித்தது தவறுகளின் இலக்கணம். ‘ஒல்பிதே’ என்றால் மறந்தேன். ‘ஸே மே ஒல்பிதோ’ என்றால், எனக்கு மறந்துபோச்சு! இங்கே ‘மே’ என்பது ‘எனக்கு’. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கண்ணாடித் தம்ளர் உடைந்தால் மூன்று வழிகள். ‘ரொம்பீ எல் பாஸோ’: நான் உடைத்தேன். ‘ஸே ரொம்பியோ எல் பாஸோ’: உடைந்தது, ஆளே இல்லை. ‘ஸே மே ரொம்பியோ எல் பாஸோ’: அது உடைந்தது, என் கையில் உடைந்தது, ஆனால் வேண்டுமென்று இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தில் எழுவாய் தம்ளர்தான். இரண்டு தம்ளர் உடைந்தால் வினை ‘ரொம்பியேரோன்’ என்று பன்மையாகும். நான் அதே ‘மே’யாக ஓரமாக நிற்பேன். பழியிலிருந்து நழுவுவதற்கான வழி என்று சிலர் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. நோக்கம் இருந்ததா இல்லையா என்று நீதிமன்றமே கேட்கும்போது, இலக்கணம் கேட்டால் என்ன? ஸ்பானியப் படம் பார்க்கையில் ஏதாவது உடைந்தால் சப்டைட்டிலை விட்டுவிட்டு, மூன்றில் எது வருகிறது என்று கவனியுங்கள்.

கெஹார்ஸே (குறைசொல்வது), அத்ரெபேர்ஸே (துணிவது) போன்றவை ஸே இல்லாமல் வருவதே இல்லை. அவற்றுக்கு ஜோடி தேடி மெனக்கெட வேண்டாம்.

மொரீர் (இறப்பது) என்ற வினை மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்கும். விபத்துச் செய்தியில் அது பெரும்பாலும் ‘முரியோ’ என்று வெறுமனே வரும். வீட்டுப் பேச்சில், பாட்டியைப் பற்றியோ வளர்த்த நாயைப் பற்றியோ சொல்லும்போது ‘ஸே முரியோ’ என்று நெருங்கி வரும். ‘மே முவேரோ தே ஆம்ப்ரே’ என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். பசியில் செத்துப்போகிறாராம், சாப்பாடு போட்டால் சரியாகிவிடும்.