பாலத்தை வீழ்த்தியது ஒத்ததிர்வா?

ஒத்ததிர்வு என்றதும் இயற்பியல் பயின்றவர்களுக்கு வழக்கமாக மூன்று எடுத்துக்காட்டுகள் நினைவுக்கு வரும். பாலத்தைக் கடக்கும் படைவீரர்கள் அணிநடையைக் கலைத்து நடப்பது ஒன்று. பாடகியின் குரலால் கண்ணாடிக் கோப்பை உடைவது மற்றொன்று. மூன்றாவது, அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு காற்றில் முறுகி விழுந்த டகோமா நேரோஸ் தொங்கு பாலம். காற்றின் அதிர்வெண் பாலத்தின் இயல்பு அதிர்வெண்ணுக்குச் சமமாயிற்று, வீச்சு பெருகிற்று, பாலம் முறிந்தது என்று பாடநூல்கள் இரண்டு வரிகளில் இதனை முடித்துவிடுகின்றன. மாணவர்களும் அப்படியே எழுதி மதிப்பெண் பெறுகின்றனர்.

இந்த மூன்றாவது எடுத்துக்காட்டு பொருந்தாது என்று யூசுஃப் பில்லா, ராபர்ட் ஸ்கன்லன் என்னும் இரு பொறியியல் ஆய்வாளர்கள் 1991 பிப்ரவரியில் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் எழுதினர். பொறியியல் உலகில் அது புதிய செய்தியன்று. ஆயினும் இயற்பியல் ஆசிரியர்களின் இதழிலேயே, பாடநூல்களின் வாசகங்களை எடுத்துக்காட்டி, இது பிழை என்று அவர்கள் சொன்னது ஒரு பெரிய துணிவுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்றும் பழைய வரிகளை நூல்களில் காண முடிகிறது. எனவே அந்தக் கட்டுரையின் வாதம் என்ன, அதில் வலுவானது எது, குறையுள்ளது எது என்பதை நீங்களே எடைபோட்டுப் பார்க்கும்படி இங்கே சொல்ல விரும்புகிறேன். சற்றுக் கணக்கும் உண்டு. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் பாலத்தைப் பற்றி. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கடற்கால்வாயின் மீது கட்டப்பட்ட இதன் நடுத்தாவு 853 மீட்டர். அன்று உலகில் இதைவிட நீண்ட தாவு கொண்ட தொங்கு பாலங்கள் இரண்டே. நீளம் இவ்வளவு இருந்தும் அகலம் 12 மீட்டர் மட்டுமே, அதாவது தாவில் 72-இல் ஒரு பங்கு. பாதையின் இரு ஓரங்களிலும் அதனைத் தாங்கி விறைப்பூட்டப் பின்னல் சட்டங்களுக்குப் பதிலாக 2.4 மீட்டர் உயரமுள்ள துளையற்ற எஃகுத் தகட்டு உத்திரங்கள் வைக்கப்பட்டன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் படுத்திருக்கும் 'எச்' என்ற ஆங்கில எழுத்தைப் போலிருக்கும். முதலில் திட்டமிடப்பட்டது உயரமான பின்னல் சட்டம்தான். புகழ்பெற்ற பாலப் பொறியாளர் லியோன் மோய்சீஃப் அதனை மெல்லிய வடிவமாக மாற்றினார். செலவு குறைந்தது, தோற்றமும் எழிலாயிற்று. நிலையான காற்றழுத்தத்தைத் தாங்கும் வலிமைக்கு அவருடைய கணக்கில் குறையில்லை. காற்றில் பாலம் எப்படி அசையும் என்பதற்குத்தான் கணக்கே போடப்படவில்லை.

1940 ஜூலை 1-ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. கட்டும்போதே அது மேலும் கீழும் அலையத் தொடங்கியிருந்தது. மிதமான காற்றிலும் அலைந்தது. மக்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்து, வேடிக்கைக்காகவே காரில் வந்து போயினர். நான்கு மாதங்கள் இப்படிக் கழிந்தன. இதனை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். நவம்பர் 7-ஆம் நாள் காலை மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. பாலம் முதலில் பழைய வழக்கப்படி மேலும் கீழும், நிமிடத்திற்கு ஏறத்தாழ 38 முறை அலைந்தது. பத்து மணியளவில் வடக்குப் புற வடத்தை நடுத்தாவில் பிணைத்திருந்த பட்டை நழுவியது. அத்துடன் அசைவின் தன்மையே மாறிற்று. பாதையின் ஓர் ஓரம் மேலேற, மறு ஓரம் கீழிறங்க, பாலம் முறுகத் தொடங்கியது. இப்போது நிமிடத்திற்கு 12 அலைவுகள்தாம். ஒரு மணி நேரத்தில் நடுத்தாவு கடலில் விழுந்தது. மனிதர் எவரும் இறக்கவில்லை. காரில் விடப்பட்ட நாய் ஒன்று மட்டும் மாண்டது. அதனைக் காப்பாற்றப் போன பேராசிரியர் ஃபார்குவார்சன் அதனிடம் கடி வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இனி வழக்கிற்கு வருவோம். சீராக வீசும் காற்றுக்கு அதிர்வெண் ஏது? நல்ல வினா. பாடநூல்களில் பல இந்த வினாவை எழுப்புவதே இல்லை. சில, காற்று விட்டு விட்டு வீசியது என்கின்றன. ஆனால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் தவறாமல் தாளம் போட்டு வீசும் காற்றை எவரேனும் கண்டதுண்டா? இன்னும் சில நூல்கள் சற்று ஆழமாகச் சென்று சுழல்களைச் சொல்கின்றன. காற்று ஒரு தடையைக் கடக்கும்போது அதன் பின்னே மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று செல்லும். தந்திக் கம்பிகள் காற்றில் ரீங்காரம் செய்வது இதனால்தான். இச்சுழல்களுக்கு அதிர்வெண் உண்டு, அதனைக் கணக்கிடவும் முடியும். காற்றின் வேகத்தைத் தடையின் உயரத்தால் வகுத்து, ஸ்ட்ரூகல் எண் என்ற மாறிலியால் பெருக்க வேண்டும். டகோமா பாலத்தின் வடிவத்துக்கு அந்த எண் ஏறத்தாழ 0.11.

போட்டுப் பாருங்கள். மணிக்கு 68 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 18.9 மீட்டர். அதனை 2.4-ஆல் வகுத்து 0.11-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 0.87, அதாவது ஏறத்தாழ ஒன்று. பாலம் முறுகியதோ நிமிடத்திற்கு 12 முறை, விநாடிக்கு 0.2. இரண்டும் நான்கு மடங்குக்கு மேல் வேறுபடுகின்றன. ஒத்ததிர்வு என்ற சொல்லுக்கே இங்கு இடமில்லை. கணக்கைத் திருப்பியும் போடலாம். சுழல்கள் விநாடிக்கு 0.2 வீதம் கழல வேண்டுமானால் காற்றின் வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர், மணிக்கு 16 கிலோமீட்டர் மட்டுமே இருந்திருக்க வேண்டும். அது துணி உலர்த்தும் காற்று. ஒத்ததிர்வுதான் காரணமெனில் பாலம் அந்தத் தென்றலில் முறுகியிருக்க வேண்டும், 68 கிலோமீட்டர் காற்றில் அமைதியாக நின்றிருக்க வேண்டும்!

விபத்தை ஆராய்ந்த குழுவில் ஓத்மர் அம்மான், தியடோர் ஃபான் கார்மன், கிளென் உட்ரஃப் ஆகிய மூவர் இருந்தனர். மாறி மாறிக் கழலும் சுழல்களின் ஆராய்ச்சிக்குத் தம் பெயரையே தந்தவர் கார்மன். அத்தகையவர் இடம்பெற்ற குழுவே, சுழல்களோடு ஏற்பட்ட ஒத்ததிர்வுக்கு இதில் முக்கியப் பங்கிருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று 1941 அறிக்கையில் எழுதிவிட்டது. பாடநூல் எழுதியவர்கள் திரைப்படத்தைப் பார்த்த அளவுக்கு அறிக்கையைப் பார்க்கவில்லை போலும்.

பின் என்னதான் நடந்தது? பிடில் வாசிப்பவரின் கையைக் கவனியுங்கள். வில்லை ஒரே திசையில் சீராக இழுக்கிறார். அந்தக் கையில் விநாடிக்கு 440 அதிர்வுகள் இல்லை. ஆயினும் தந்தி 440 முறை அதிர்கிறது. தந்தியே தன் அசைவால் வில்லின் பிடியையும் நழுவலையும் முறைப்படுத்தி, வேண்டும்போது வேண்டிய ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. நாதசுரக்காரர் சீராக ஊதும் காற்றைச் சீவாளி வெட்டி வெட்டி ஒலியாக்குவதும் இவ்வாறே. புறத்திலிருந்து தாளம் வரவில்லை. அதிரும் பொருளே தாளத்தை உண்டாக்குகிறது. இதனைத் தற்கிளர்வு அலைவு எனலாம்.

பாலத்திலும் அதுவே நிகழ்ந்தது. பாதை சற்றே முறுகியதும், காற்றை எதிர்கொள்ளும் விளிம்பில் பெரிய சுழல் ஒன்று பிறந்து பாதையின் குறுக்கே நகர்ந்தது. பிறக்கும் நேரத்தை முடிவு செய்தது பாலத்தின் முறுக்கே. அச்சுழல் உண்டாக்கிய அழுத்த வேறுபாடு அந்த முறுக்குக்கே துணை நின்றது. கணித மொழியில் சொன்னால், திணிப்பு அலைவில் சமன்பாட்டின் வலப்புறத்து விசை நேரத்தை மட்டும் சார்ந்தது. பாலம் அசைந்தாலும் அசையாவிட்டாலும் அது இருக்கும். டகோமாவிலோ விசை பாலத்தின் கோணத்தையும் கோணத் திசைவேகத்தையும் சார்ந்தது. பாலம் அசையாவிட்டால் அந்த விசையே இல்லை. ஆகவே அதனை இடப்புறத்துக்குக் கொண்டுவந்து தடையுறு உறுப்போடு சேர்த்துவிடலாம். குறைந்த வேகத்தில் காற்று அசைவை ஒடுக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் குறி மாறி, ஒடுக்க வேண்டியதே வளர்க்கத் தொடங்கும். ஒவ்வோர் அலைவிலும் பாலம் இழப்பதைவிடப் பெறுவது மிகுதியாகும். இந்தக் குறிமாற்றத்தை 1971-இல் ஸ்கன்லனும் ஜான் டாம்கோவும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளை வைத்து அளந்தே காட்டினர். கட்டுரையின் உயிர்நாடி இதுதான். இதனை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

குறைகளும் உண்டு. பிழையைச் சுட்டுவதில் காட்டிய தெளிவைச் சரியானதை விளக்குவதில் ஆசிரியர்கள் காட்டவில்லை. பொறியியல் குறியீடுகள் திடீரென்று வந்து விழுகின்றன. வகுப்பில் என்ன சொல்வது என்று தேடும் ஆசிரியருக்குப் பிடில் போன்ற ஓர் எளிய ஒப்புமைகூட அங்கே கிடைக்காது. பழைய இரண்டு வரிகள் இன்னும் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. மேலும், பழைய விளக்கம் அடியோடு பொய் என்ற எண்ணம் அவசரமாகப் படிப்பவருக்கு ஏற்படக்கூடும். நான்கு மாதங்கள் பாலம் மேலும் கீழும் அலைந்ததே, அதற்குச் சுழல்களோடு நேர்ந்த ஒத்ததிர்வு காரணமாக இருக்கலாம் என்பதை ஆசிரியர்களும் ஏற்கின்றனர். ஆனால் அந்த அலைவு ஓர் எல்லைக்குமேல் வளரவில்லை, பாலத்தை முறிக்கவுமில்லை. இந்த வேறுபாடே மாணவர்களுக்குச் சுவையான பகுதி. அதனைக் கட்டுரை போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறது.

பெயரில் என்ன இருக்கிறது, பெரிதாக அசைந்தால் ஒத்ததிர்வு என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பார் உண்டு. நோயின் பெயர் மாறினால் மருந்தும் மாறும் அல்லவா? ஒத்ததிர்வு என்றால் அதிர்வெண்ணை விலக்கி வைப்பது மருந்து. தற்கிளர்வு என்றால் வடிவத்தை மாற்ற வேண்டும், முறுக்கு விறைப்பைக் கூட்ட வேண்டும். ஃபார்குவார்சன் விபத்துக்குச் சில நாட்கள் முன்பே மாதிரியை வைத்துச் சோதித்து, தகடுகளில் துளையிடுங்கள் அல்லது காற்றை வழுக்கிவிடும் மறைப்புகளைப் பொருத்துங்கள் என்று சொல்லியிருந்தார். செய்ய நேரமில்லாமல் போயிற்று. 1950-இல் அதே இடத்தில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 10 மீட்டர் உயரப் பின்னல் சட்டமும், பாதையில் காற்றுப் புகும் இடைவெளிகளும் வைத்தனர். இங்கிலாந்தின் செவர்ன் பாலம் (1966) விமான இறக்கையை ஒத்த தட்டையான பெட்டி வடிவில் அமைந்தது. விசாரணைக் குழுவில் இருந்த அம்மான், 1939-இல் நியூயார்க்கில் இதே தகட்டு உத்திர முறையில் கட்டிய பிராங்க்ஸ்-வைட்ஸ்டோன் பாலத்துக்கு 1946-இல் பின்னல் சட்டங்கள் சேர்க்கப்பட்டன. 2003-ஐ ஒட்டி அச்சட்டங்களைக் கழற்றிவிட்டு, ஆப்பு வடிவ மறைப்புகளைப் பொருத்தினர். எடை குறைந்தது, காற்றிலும் நிலைத்து நிற்கிறது. வடிவமே மருந்து என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

திரைப்படத்தைப் பற்றியும் ஒரு சொல். பல வகுப்புகளில் காட்டப்படும் அந்தப் படத்தில் பாலம் நிமிடத்திற்கு 18 முறை முறுகுவதை நீங்கள் கடிகாரம் வைத்து எண்ணலாம். நேரில் கண்டவர்கள் பதிவு செய்தது 12. யார் சொல்வது சரி? 2015-இல் 'பிசிக்ஸ் டுடே' இதழில் டொனால்ட் ஆல்சன், ஸ்டீவன் வுல்ஃப், ஜோசப் ஹூக் மூவரும் இப்புதிரை அவிழ்த்தனர். படம் விநாடிக்கு 16 சட்டங்கள் வீதம் எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் அதனை மாற்றிப் பதிந்தவர்கள் 24 என்று கொண்டுவிட்டனர். ஒன்றரை மடங்கு வேகம். 12 என்பது 18 ஆயிற்று. கண்ணால் கண்ட சான்றே பொய் சொல்லிய கதை இது.

ஆக, டகோமா பாலத்தைப் பாடநூலிலிருந்து நீக்க வேண்டியதில்லை. ஒத்ததிர்வு என்ற தலைப்பின் கீழிருந்து எடுத்து, நிலைநிறுத்தப்பட்ட அலைவுகள் என்ற தலைப்பின் கீழ் வைத்தால் போதும். தேர்வில் 'ஒத்ததிர்வின் தீமைக்கு எடுத்துக்காட்டுத் தருக' என்பதற்குப் பதில், மேலே போட்ட கணக்கையே வினாவாகக் கேட்கலாம். அதுவரை, தற்கிளர்வு என்று சரியாக எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் போகுமே என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு இருக்கத்தான் செய்யும். விடைக்குறிப்பில் இரண்டாவது விடையாகவேனும் இதனைச் சேர்ப்பது வினாத்தாள் குழுவினரின் கையில் இருக்கிறது.

அந்த இடத்தில் லண்டன் மில்லேனியம் நடைபாலத்தை வைக்கலாமே என்று சிலர் சொல்வர். 2000 ஜூன் 10-இல் திறந்து இரண்டே நாளில் மூடப்பட்ட பாலம் அது. நடப்போர் தம்மை அறியாமல் ஒத்து அடியெடுத்து வைத்ததால் பக்கவாட்டில் ஆடியது என்றனர். அதிலும் எச்சரிக்கை வேண்டும். அடிகள் ஒத்துப்போகாமலே, ஆடும் தளத்தில் சமநிலைக்காக ஒவ்வொருவரும் காலை மாற்றி ஊன்றுவதாலேயே பாலத்துக்கு ஆற்றல் சேரும் என்று 2021-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஓர் ஆய்வுக்குழு காட்டியுள்ளது. மீண்டும் அதே குறிமாற்றம்!

படைவீரர் எடுத்துக்காட்டை வேண்டுமானால் விட்டுவைக்கலாம். 1831 ஏப்ரல் 12-இல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்கு பாலத்தில் 74 வீரர்கள் அடியொத்து நடந்தனர். பாலம் ஆடியது அவர்களுக்குப் பிடித்துப்போகவே இன்னும் அழுத்தி நடந்தனர். பாலத்தின் ஒரு முனை ஆற்றில் இறங்கியது. சிலருக்குக் காயம், உயிரிழப்பு இல்லை. அங்கே புறத்திலிருந்து வந்த தாளம் உண்மையாகவே இருந்தது. ஆனால் விசாரணையில், சங்கிலியைப் பிடித்திருந்த மரையாணி ஒன்று சரியாக அடித்துச் செய்யப்படவில்லை என்பதும் தெரியவந்தது.